மேனேஜருக்கு ஒரு துலாபாரம்

வட்டத் தகட்டில் ஒற்றை முள். எங்கள் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தால் அது ஏறும். எழுந்தால் சரேலென்று இறங்கும். அரட்டையை நிறுத்த எங்களுக்கு வேறு எச்சரிக்கை வேண்டியிருக்கவில்லை.

எழுபதுகளில், கவரைப்பேட்டையில் மூடிக் கிடந்த நெல் மில் ஒன்றை வாங்கி, வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, பம்பு கம்பெனிக்கு ஆபீஸாக்கினார் எங்கள் முதலாளி. நெல் காய்ந்த களத்தில் கார் நின்றது. நெல் அவித்த கூடத்தில் நாங்கள் டைப் அடித்துக்கொண்டே அவிந்தோம். மூட்டை நிறுக்கும் இரும்பு மேடையை மட்டும் தரையிலிருந்து பெயர்க்க முடியவில்லை. அதன்மேல் சமுக்காளம் விரித்து மேனேஜர் நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். எடை காட்டும் முள்ளோ சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் கூடத்தில் இருந்தது.

மேனேஜர் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். அமாவாசையன்று மட்டும் முள் காலையில் ஏறி நின்றால் அப்புறம் இம்மியும் அசையாது. "மௌன வெரதம்பா. கதவத் தட்டி பேஜாரு பண்ணாதீங்க" என்பார் ஸ்டோர் கீப்பர். நாங்களும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு வேலை பார்த்தோம். அப்படி மற்ற நாட்களில் பார்த்ததே இல்லை.

ஒரு தை அமாவாசை மத்தியானம் முதலாளி வந்து இறங்கினார். காதில் துளசி. மேனேஜர் எங்கே என்று கேட்டார். ஸ்டோர் கீப்பர் பெருமையாக முள்ளைக் காட்டினார்.

"காலையிலேர்ந்து சீட்ட வுட்டு எய்ந்திருக்கல சார். பச்சத்தண்ணிகூட குடிக்காம உக்காந்துகினு கீறாரு."

"அப்படியா? திருவள்ளூர் கோயில்ல இப்பதான் எனக்குத் தீர்த்தம் குடுத்து, தலையில சடாரி வச்சாரே!"

முதலாளி கதவைத் தள்ளினார். நாற்காலியில் மில் காலத்துத் தவிட்டு மூட்டை ஒன்று வீற்றிருந்தது. அமாவாசைக் கூட்டத்துக்குக் கோயிலில் ஆள் போதாது. கேட்டால் லீவு கிடைக்காது. தன் எடைக்கு எடை துலாபாரம் வைத்துவிட்டு மனிதர் பின்கதவு வழியாகப் போய்விடுவாராம்.

மறுநாள் மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். அவர் முதலாளியின் முன்னால் போய், "அடியேன்..." என்று மட்டும் சொல்லி நின்றார்.

"சடாரி வச்ச கைய எப்படி வீட்டுக்கு அனுப்பறது? அமாவாசைக்கு நீங்க கோயிலுக்கே போங்க. ஆனா மூட்டை இங்கயே இருக்கட்டும். அது உக்காந்தாத்தான் இவங்க வேலை செய்யறாங்க."

அதென்னவோ உண்மைதான். தவிடென்று தெரிந்த பிறகும், அமாவாசையன்று முள் ஏறி நின்றால் எங்கள் கை தானாக டைப் அடித்தது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனி. அழகுக்காக அந்தத் தகட்டைத் துடைத்து, சுவரிலேயே விட்டிருக்கிறார்கள். முள் பூஜ்யத்தில் இருந்தது. மேனேஜர் எழுந்துவிட்டார், அரட்டையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தத்தான் எங்கள் ஆட்களில் யாரும் மிச்சமில்லை.