பொட்டு வைத்த பிளக்குகள்

மாலை ஆறரை ஆனதும் தனக்கோடி அக்கா மேசைகளுக்கு அடியில் குனிந்துவிடுகிறார். நீல யூனிஃபார்மின் முதுகு மட்டும் தெரிகிறது. டக், டக் என்று சுவிட்சுகள் அணைகின்றன. மானிட்டர், பிரிண்டர், காகிதம் கிழிக்கும் மெஷின், பக்கத்து சீட்டு சுனில் தினமும் மறந்துவிட்டுப் போகும் சார்ஜர். ஒவ்வொரு அடாப்டரையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். "கை வெச்சுப் பாரும்மா, சுடுது. ஆளே இல்ல, சும்மா கரெண்ட் குடிக்குது." வேலையே செய்யாமல் சூடாக இருப்பவை எங்கள் ஆபீஸில் அடாப்டர்கள் மட்டுமல்ல. மற்றவர்களுக்குச் சுவிட்ச் வைக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவருக்குக் கொடுத்த வேலை துடைப்பது. அணைப்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. "எங்கூட்ல ரூமுக்கு ஒரு லைட்டு. இங்க நாற்காலிக்கு ஒண்ணு" என்பார்.

சேர்ந்த புதிதில், வாசல் கதவின் கார்டு மெஷினையும் அணைத்துவிட்டார். மறுநாள் காலை ஐம்பது பேர் வெளியே நின்றோம். அன்று மிச்சமான மின்சாரத்தை யாரும் பாராட்டவில்லை. அதன்பிறகு எலக்ட்ரீஷியனைக் கேட்டு, அணைக்கவே கூடாத பதினோரு பிளக்குகளுக்கு எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் பொட்டு வைத்துவிட்டார். தவறே நடக்கவில்லை.

எங்கள் நிர்வாக மேலாளர் ஹரிஷ்குமார் இதைப் பார்த்துப் பூரித்துப்போனார். 'சிவப்புப் புள்ளித் திட்டம்' என்று பெயர் சூட்டி, தலைமை அலுவலகத்தில் படம் போட்டு விளக்கி, கண்ணாடிக் கேடயம் ஒன்றும் வாங்கி வந்தார். அக்காவுக்குக் கிடைத்தது சுவரில் ஒட்டிய சுற்றறிக்கை: பொட்டு வைத்த எதையும் அணைத்தால் வேலை போகும்.

வரவேற்பறையில் கதவளவு டிவி ஒன்று உண்டு. அதில் வாடிய பனிக்கரடி ஒன்று இரவு பகலாக, 'கடைசியாகப் போகிறவர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகவும்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டிக்கொண்டே இருக்கும். அக்காவுக்குக் கன்னடம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். ஒருநாள் கரடி சொன்னபடியே செய்தார். மெமோ வந்தது. "அதுவே அணைன்னு சொல்லுது, அணைச்சேன் சார்" என்றது எடுபடவில்லை. டிவி பிளக்குக்கும் பொட்டு ஏறியது. இன்னொரு மெமோ வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய புதன்கிழமை. வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி. ஹரிஷ்குமார் பட்டு வேட்டியில் வந்து தம் கையாலேயே மானிட்டர், பிரிண்டர், காபி மெஷின், சுவரிலிருந்த பிளக்குகள் என ஒன்று விடாமல் குங்குமம் வைத்தார். பிறகு எல்லோரும் நான்கு நாள் விடுமுறைக்கு ஓடினோம்.

கடைசியில் நானும் அக்காவும்தான் இருந்தோம். அவர் கை ஒரு சுவிட்சுக்குப் போனது, திரும்பியது. "பயமா இருக்கும்மா" என்றார். எனக்கெதற்கு வம்பு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஹரிஷ்குமாரின் முகம் பூசணிக்காய் உடைத்த மாதிரி சிவந்திருந்தது. ஆளில்லாத ஆபீஸ், வேலை நாளுக்குச் சமமாக மின்சாரம் குடித்திருந்தது.

"ஏன்ம்மா, நாலு நாளா எல்லாமே ஆன்ல இருக்கு! தலையை யூஸ் பண்ண மாட்டீங்களா?"

"பொட்டு இருந்திச்சு சார். தொட்டா வேலை போயிடும்னு நீங்கதானே பேப்பர் ஒட்டுனீங்க?"

"அது பூஜைக்கு வெச்சதும்மா!"

"உங்க கையால வெச்சீங்க. எது பூஜைப் பொட்டு, எது ஆர்டர் பொட்டுன்னு கேட்டிருந்தா, வாய் ஜாஸ்தின்னு சொல்லியிருப்பீங்க."

"முதல்ல எல்லாத்தையும் தொடைச்சு, அணைங்க" என்று ஹரிஷ்குமார் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

அன்று மாலை அக்கா ஈரத்துணியோடு மேசை மேசையாக வந்தார். தம்முடைய பதினோரு பொட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் துடைத்தார். கடைசியில் கரடிக்கு எதிரே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும்னுதானே சொன்னாரு?"

"ஆமா அக்கா. நானும் என் காதால கேட்டேன். யார் வந்து கேட்டாலும் சொல்றேன்."

பிளக்கிலிருந்த பொட்டை அழுத்தித் துடைத்தார். டிவியின் முதுகை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, டக்.