பென்சிலில் நின்ற திங்கட்கிழமை

வீராசாமி அண்ணன் காலமான செய்தியை ஈப்போ நீதிமன்ற வளாகத்தில், என் வழக்கு அழைக்கப்படுவதற்குச் சற்று முன்பு கேட்டேன். அன்றைய வாதத்தில் இருமுறை தடுமாறினேன். ஜெலாப்பாங் ரப்பர் செருப்புத் தொழிற்சாலையில் அவரிடம் வேலை செய்தவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் இறுதியில் அவர் அங்கே மேற்பார்வையாளர். நான் நிர்வாகத்தின் சட்ட ஆலோசகர். திங்கள்தோறும் சிலரை அவர் இடம் மாற்றுவார்: வெட்டுபவர் ஒட்டப் போவார், ஒட்டுபவர் பெட்டி கட்டுவார். ஒட்டும் பிரிவின் முனியாண்டி நகர மறுத்தபோது, "பச காலயும் சேத்து ஒட்டிருச்சா மச்சான்?" என்று அண்ணன் கேட்டாராம். எல்லோரும் சிரித்தனர். முனியாண்டி புகார் எழுதினார்.

நிர்வாகி என் கருத்தைக் கேட்டார். நியமனக் கடிதத்தில் உள்ள வேலையை மட்டுமே ஒருவரிடம் வாங்குவது பாதுகாப்பானது என்று எழுதினேன். சம்மதத்துடன் மாற்றலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. இடமாற்றம் நின்றது. அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "மெசினு மாறும் சார். ஆளுக்கும் மாறத் தெரியணும் லா" என்றார். கடிதத்தில் பிழையில்லை என்று பதில் சொன்னேன். இன்றும் அப்படியே கருதுகிறேன். அதுதான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

அடுத்த ஆண்டே வெட்டும் இயந்திரம் வந்தது. வெட்டும் பிரிவுப் பெண்களில் ஒட்டக் கற்றிருந்தவர்கள் தப்பினர். அதே பிரிவின் லெட்சுமிக்கு ஒட்டக் கற்கும் முறை வருவதற்குள் என் கடிதம் வந்துவிட்டிருந்தது. அவருக்கு வேலைநீக்க அறிவிப்பு கொடுக்கப்பட்டது.

அண்ணன் பழைய காலண்டர் தாள் ஒன்றுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். அதன் பின்புறம் கட்டம் போட்டு, ஒவ்வொருவரும் கற்ற வேலையை மையாலும், இனிக் கற்க வேண்டியதைப் பென்சிலாலும் குறித்திருந்தார்.

"லெட்சுமிக்கு ஒரு வாரம் கெடச்சா போதும் சார். கத்துக்கும். எதாச்சும் வழி இருக்கா?"

அவருடன் சென்று நிர்வாகியிடம் பேசினேன். நிர்வாகி என் கடிதத்தையே எடுத்து மேசைமேல் வைத்தார். லெட்சுமி பீடோரில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு என்ன ஆனார் என்று அறியேன்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அண்ணன் கையமர்த்தினார். "கேட்டதுக்கு எழுதுனீங்க. அடுத்த தடவ எழுதறதுக்கு முன்ன ஒரு நட உள்ள வந்து பாத்துட்டுப் போங்க லா."

அதன்பின் எந்தத் தொழிற்சாலையைப் பற்றியும் உள்ளே சென்று பார்க்காமல் நான் கருத்து எழுதியதில்லை. அந்தத் தாளை அவர் திருப்பிக் கேட்கவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. லெட்சுமியின் பெயருக்கு நேரே, 'ஒட்டு' என்ற கட்டத்தில், என் கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமையைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். அதன்மேல் மை ஏறவில்லை.