குசினிச் சுவரில் ஒரு கோடு

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டுச் சுவரில் சூரியக் கடிகாரம் வரைந்திருந்தார்கள். "அம்மா, இது ஒரு மணித்தியாலம் பிழை," என்றாள் என் மகள். கோடைகால நேரத்துக்காக மார்ச்சில் நாங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது அந்தச் சுவருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் போர்த் தடையால் பற்றரி கிடைக்காத காலம், எங்கள் மணிக்கூடு நின்றுவிட்டது. என் அம்மா சமைக்கிற குசினிச் சுவரில் நிழல் விழும் இடங்களில் கரியால் கோடு கீறினா. மண்ணெண்ணெய் வாங்கப் போகும் அப்பா திரும்பும் நேரத்துக்கும் ஒரு கோடு. ஷெல் குண்டுச் சத்தம் கேட்ட அன்று, அப்பா வர முதலே நிழல் அதைத் தாண்டிவிட்டது. நான் அழுதேன். அம்மா அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் தள்ளிக் கீறினா.

"கோடுதான் பிழை, பிள்ளை."

நிழல் அதையும் தாண்டியது. திரும்பவும் கீறினா. மூன்றாவது கோட்டை நிழல் தொட முதலே அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்தேன். ஊரில் இருக்கும் அண்ணைக்கு இங்கு வர விசா வருமென்று இந்த மாதத்தில் பென்சிலால் போட்ட, நாள் கடந்துபோன வட்டத்தை அழித்து, அடுத்த மாதத்தில் போட்டேன்.