மிச்சம் வீடியோக் கடையில் ஒரு கதாநாயகி

நேற்று டிராமில் பக்கத்தில் இருந்த பெண்ணின் ரோஜாப் பவுடர் வாசனை, இப்போது முடி வெட்டும் கடையாகிவிட்ட தெற்கு லண்டனின் மிச்சம் (Mitcham) நகரத்து வீடியோக் கடைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. கசெட்டுகள் சுற்றும் இரைச்சலும், அட்டைப்பெட்டித் தூசும், மூலையில் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சியுமாக இருந்த அந்தக் கடைக்கு, சனிக்கிழமைகளில் அதே பவுடர் மணக்க, கறுப்புவெள்ளைக் காலத்து நடிகை ஒருவர் வருவார். குழு நடனத்தில் தொடங்கிக் கதாநாயகியாகி, தன்னோடு டூயட் பாடியவருக்கே அம்மாவாக நடிக்கச் சொன்னதும் சென்னையை உதறிவிட்டு மகளிடம் லண்டன் வந்துவிட்டவர்.

“என்னை இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் தொலைக்காட்சியில் அவருடைய படமே ஓடியது. காசநோயில் அவர் சாகும் காட்சி. முன்பு யாழ்ப்பாணத் தியேட்டரில் அதற்கு அழுத என் அம்மா, கையில் மரக்கறிப் பையோடு நின்று மறுபடியும் விம்மினார். அப்போதுதான் உள்ளே வந்த நடிகை பதறிப்போய் அம்மாவின் தோளைத் தொட்டார்.

“அழாதீங்கம்மா, நான் நல்லாத்தானே இருக்கேன்!”

அம்மா திரும்பிப் பார்த்துத் திகைத்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் செத்து முடியட்டும், பிறகு ஆறுதலாய்க் கதைப்பம்.”

நடிகை ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சாவைப் பார்த்து, வெகு சந்தோஷமாக அழுதார்.