எட்டு மடங்கு என்று அக்கா போட்ட கணக்கு

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவின் தைரியத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அவர் பயந்ததைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியும். கூடவே இருந்து பயந்தவன் நான்.

அக்கா பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ராயபுரத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். சூப்பர்வைசராக வேண்டுமானால் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால், முப்பத்தெட்டாம் வயதில் தனித்தேர்வு எழுத முடிவு செய்தார். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அவருக்குக் கை வியர்க்கும்.

"எக்ஸுன்னு அவங்களே எழுதிப்போட்டு, அது என்னன்னு நம்மளையே கேக்கறாங்களே தம்பி" என்பார்.

நானும் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து உட்கார்ந்து சமன்பாடுகளை முடித்தோம். உருளை, கூம்பு தாண்டிக் கோளத்தின் கன அளவுக்கு வந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. முதல் ஸ்கேனில் விட்டம் இரண்டு சென்டிமீட்டர். மூன்று மாதம் கழித்து எடுத்ததில் நான்கு.

"ரெண்டே சென்டிமீட்டர்தானுங்க கூடியிருக்குது. மருந்துலயே கரைஞ்சிரும்" என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய் நோட்டை எடுத்தார். சற்று நேரத்தில் என்னை அழைத்தார்.

"இதைச் சரி பாரு தம்பி."

ஆரம் ஒன்று, ஆரம் இரண்டு என இரு கோளங்கள். ஒன்றின் கனம் ஒன்று. இரண்டின் கனம் எட்டு. சூத்திரத்தில் மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொது.

"ரெண்டு மடங்கில்ல கண்ணு. எட்டு மடங்கு."

அதுவரை அக்காவின் விடை சரியாக வர வேண்டுமென்றே நினைத்தவன், அன்று எங்காவது தப்பிருக்காதா என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

"கட்டி என்ன பந்து மாதிரி உருண்டையாவா இருக்கும்? விடுக்கா" என்றேன்.

அக்கா நோட்டை மூடினார். "அம்மாகிட்டச் சொல்லிராதே. நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம்."

டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்தே பேசினார். அக்கா குறுக்கிட்டார். "எட்டு மடங்காயிருச்சுங்களா?" பாதியிலேயே குரல் உடைந்தது.

"யாரும்மா சொன்னது?"

"கணக்குப் போட்டுப் பாத்தனுங்க."

டாக்டர் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏறக்குறைய அவ்வளவுதாம்மா. இனி தள்ளிப்போட வேண்டாம்." அந்த வாரமே அறுவைச் சிகிச்சை நடந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அக்கா இருந்தார். தேர்வு எழுதினார், கணக்கில் நாற்பத்தொன்று. சூப்பர்வைசராக ஆறு மாதம் வேலை பார்த்தார். பிறகு நோய் திரும்பி வந்தது.

கடைசி வாரத்தில், "பயமா இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குது. எந்திரிச்சுப் போயிராதே."

மறைக்காமல் பேசிய டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழியருக்கும், நான் கண்ணயரப் போனபோதெல்லாம் என் இடத்தில் வந்து அமர்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. அக்கா ஒரு நிமிடம்கூடத் தனியாகப் பயப்படவில்லை.

அன்புடன்,
தம்பி