மில் நின்றால் ஃபேனைப் பார்ப்போம்

மிளகாய் அரைத்த காற்றில் தும்மியபடிதான் என் பள்ளிக்கூட நாட்கள் விடியும். நன்னிலம் பக்கத்தில் எங்கள் தெருவில் அப்பா வைத்திருந்த மாவு மில்லுக்கும் என் வகுப்பறைக்கும் நடுவே ஒரு வேலிதான். மோட்டாரிலிருந்து அரவை இயந்திரத்துக்கு ஓடும் அகலமான "பெல்ட்டு", அதன் ஒட்டு சுற்றி வரும்போதெல்லாம் டப் டப் என்று அடிக்கும் சத்தம், டீச்சரின் குரலுக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த பெல்ட்டை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும்.

"ஓடறப்ப கிட்ட வராத பாப்பா, அதுக்கு ஆளு தெரியாது" என்று என்னை விரட்டிவிட்டு, அப்பா மட்டும் தோளில் துண்டோடு அதன் பக்கத்திலேயே நிற்பார். "அந்தத் துண்ட எறக்கி வெச்சாத்தான் என்னங்க?" என்று அம்மா கேட்காத நாளில்லை. சிலுவை போட்டுக்கொண்டுதானே சுவிட்சைத் தட்டுகிறேன் என்று சிரிப்பார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான்; பயப்படுகிற வேலையை மட்டும் மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டார்.

காலையில் போட்டால் மதியம் ஒரு மணிக்குத்தான் மில்லை நிறுத்துவார். அதற்குமுன் டப் டப் நின்றுவிட்டால் என் கண் தானாக வகுப்பறைக் கூரைக்குப் போகும். ஃபேனும் நின்றிருந்தால் கரண்ட் போயிருக்கிறது, அப்பா நன்றாக இருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் புழுக்கத்தில் சலித்துக்கொள்ளும்போது நான் மட்டும் மாதாவுக்கு நன்றி சொல்வேன். ஃபேன் ஓடி, மில் ஓடாவிட்டால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஆறாம் வகுப்பில், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், கணக்குப் பாடத்தின் நடுவே டப் டப் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சரிடம் சொல்லக்கூட இல்லை. வேலியைத் தாண்டி ஓடினேன். பாவாடை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. அப்பா மில்லுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒட்டு விட்டுப் பறந்த பெல்ட் அவர் கையைக் கிழித்திருந்தது. கொட்டிக் கிடந்த மாவெல்லாம் ரத்தம். ஆனால் எனக்கு முன்பே எதிர் டீக்கடை பாய் வந்து மெயினை அணைத்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். தையல்கடை வசந்தா அக்கா, யாருக்கோ வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியால் காயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் கடைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடியிருந்தார்.

"அவரு கூப்பிடக்கூட இல்லையாமே, எப்படிங்க தெரிஞ்சுது?" என்று பின்னாலேயே ஓடி வந்த அம்மா அழுதபடி பாயிடம் கேட்டார்.

"மில்லு நின்னுச்சு, எங்கடை ஃபேனு ஓடுச்சு. ஓடியாந்துட்டேம்மா."

"நானும் அதத்தான் பாத்தேன்" என்றார் அக்கா, முடிச்சை இறுக்கியபடியே.

அத்தனை நாளும் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். தெருவே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சின்னக் கடைகளால் ஊருக்கு வியாபாரம், வேலை என்றெல்லாம் பேசுகிறார்கள், சரிதான். அந்தக் கடைக்காரர்கள் நாள் முழுக்க அங்கேயே இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு பாக்கெட் மாவு வந்தது. ஊர்க்காரர்கள் மயிலாடுதுறையின் பெரிய கடைகளுக்கு பஸ் ஏறினார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை, இப்போது தஞ்சாவூரில் இருக்கும் நானும் பாக்கெட்தான் வாங்குகிறேன். பாய் கடையை மூடிவிட்டு மகனோடு நாகூர் போய்விட்டார், வசந்தா அக்கா திருப்பூருக்கு. சைக்கிள் கடை இருந்த இடத்தில் பூட்டிய ஷட்டர். மில்லும் நின்றுபோயிற்று. அம்மா இறந்தபின் அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். என்னோடு வரச் சொன்னால் சிரிக்கிறார்.

போன வாரம் ஒருநாள் காலையில் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன், எடுக்கவில்லை. யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்று போனில் பெயர்களைத் தேடினேன். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த நம்பர் ஒன்றுகூட மிச்சமில்லை. பழக்கம் விடவில்லை, மேலே பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டாராம், எழுந்து உள்ளே வர அவ்வளவு நேரம் ஆகிவிட்டதாம்.

"யாரையாவது கூப்பிடறதுதானேப்பா?" என்றேன், அழுகையும் கோபமுமாக.

அப்பா சிரிக்கவில்லை. "கூப்பிட்டேன் பாப்பா" என்றார்.