பாயசத்தைக் கெடுத்த பீச் பழ வற்றல்

நாலு புத்தகம் படித்தவன் அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது என்பதை, மகளின் கல்யாணத்தையே பணயம் வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

பட்டாளத்திலிருக்கும் மைத்துனன் வடக்கேயிருந்து பீச் பழ வற்றல் கொண்டுவந்திருந்தான். அதில் இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் நிறைய என்று எங்கோ படித்திருந்தேன். எங்கள் மலையிலேயே உள்ள குண்டூர் நாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, சாமைப் பாயசம் பாலோடு கொதிக்கையில் அந்த வற்றலில் ஒரு கை அள்ளினேன்.

"ஏனுங்க, அது புளிக்குதுங்க. பாலுல போடாதீங்க" என்றாள் மனைவி.

"இதுல எவ்வளவு சத்து இருக்குது, உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே போட்டேன். பால் திரிந்து திட்டுத் திட்டாக மிதந்தது.

நல்ல காரியத்தன்று பால் திரிந்தால் பெண்ணின் ராசியைத்தான் குறை சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாயார் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாயசம் பொண்ணு வெச்சதுங்களா?"

மகள் தலை குனிந்து நின்றாள். நான் கரண்டியோடு முன்னால் வந்தேன்.

"நான்தானுங்க கெடுத்தேன்" என்றேன்.

அவர் கொண்டுவந்த பூவை மகள் தலையில் வைத்தார்.

இப்போது வற்றலை வெந்நீரில் ஊறவைத்து, வெல்லத்தோடு தனியாக வேகவைக்கிறோம். பாயசமும் அதுவும் ஆறிய பிறகுதான் சேர்க்கிறோம். மனைவி சொல்லாமல் நான் கரண்டியைத் தொடுவதில்லை.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மாளிடம், "அன்னிக்கு சகுனம் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"பொண்ணு எங்க ஊட்டுக்கு வந்துருமுங்களே. உங்களோட அங்கியே கெடக்கப் போறது உங்க சம்சாரம்தானுங்க" என்றார்.